குமிழிக்குள் இருப்பது

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஆயிரம் கிலோ. அதே அளவு தெர்மாகோல் பெரும்பாலும் பதினைந்து இருபது கிலோவைத் தாண்டாது. புது டிவியின் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் வெளியே வரும் வெள்ளைக் கட்டியில் நூற்றுக்கு 98 பங்கு காற்றுதான். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மீதி இரண்டே பங்கு. கட்டியை உடைத்து, உடைந்த இடத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பக்கங்கள் தட்டையாகிப்போன உருண்டைகள் தெரியும். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் மிகச் சிறிய மூடிய அறைகள் ஏராளம். அறைச் சுவர்கள் தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிந்தவை. அறைக்குள் அடைபட்ட காற்று நகர முடியாது; நகராத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஐஸ் பெட்டியில் மீன் கெடாமல் போய்ச் சேர்வதும் கண்ணாடிப் பொருள் உடையாமல் வீடு வந்து சேர்வதும் இந்தக் குமிழிகளால்தான்.

நுரை பிளாஸ்டிக்கின் நன்மைகள் எல்லாம் அதன் குமிழியிலிருந்தும் எடையின்மையிலிருந்தும் வருகின்றன. அதன் தீங்குகளும் அங்கிருந்தேதான் வருகின்றன. எடை இல்லாததால் அதை யாரும் பொறுக்குவதில்லை, எடுத்துப் போவதும் இல்லை. காற்றும் நீரும்தான் கொண்டுபோகின்றன. குமிழிக்குள் என்ன வாயுவை அடைத்தோம் என்பதோ வேறொரு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இது எப்படி உருவாகிறது? கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பென்சீனையும் எத்திலீனையும் சேர்த்தால் எத்தில்பென்சீன். அதை ஏறத்தாழ 600 டிகிரி நீராவியோடு இரும்பு ஆக்சைடு வினையூக்கியின் மீது செலுத்தினால் ஸ்டைரீன் என்ற நிறமற்ற திரவம் கிடைக்கும். 1839-ல் பெர்லின் மருந்துக்கடைக்காரர் எட்வார்ட் சைமன் ஒரு மரப்பிசினைக் காய்ச்சி வடித்தபோது கண்டது இதைத்தான். அது தானாகவே கெட்டிப்படுவதையும் அவர் கவனித்தார். ஏன் என்று விளங்க ஹெர்மன் ஸ்டாடிங்கர் வரவேண்டியிருந்தது. சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன என்று அவர் 1920-களில் நிறுவினார். அந்தச் சங்கிலிதான் பாலிஸ்டைரீன். அதை மணிகளாகச் செய்து, எடையில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு பென்டேனை உள்ளே ஏற்றி, நீராவி காட்டினால் பென்டேன் ஆவியாகி விரிகிறது. மணி சோளப்பொரி போலப் பொரிந்து நாற்பது மடங்கு பெருக்கிறது. பொரிந்த மணிகளை அச்சில் கொட்டி மறுபடி நீராவி விட்டால் கட்டி தயார். பென்டேன் அந்தக் கட்டியிலிருந்து மெல்ல வெளியேறிவிடும். அது வெயிலில் வண்டிப் புகையோடு வினைபுரிந்து தரையோரத்தில் ஓசோனை உண்டாக்கும். வானத்தின் உச்சியில் நம்மைக் காக்கும் அதே ஓசோன், நாம் சுவாசிக்கும் உயரத்தில் நுரையீரலைப் புண்ணாக்கும்.

ஆனால் இந்தத் தொழிலில் எனக்குப் பெரிதும் அச்சமூட்டுவது பென்டேன் அல்ல, ஸ்டைரீனின் அந்தத் தானாகக் கெட்டிப்படும் குணம். சங்கிலி கோக்கும்போது வெப்பம் வெளிப்படும். வெப்பம் கூடக் கூடக் கோப்பது வேகமெடுக்கும். வேகமெடுத்தால் இன்னும் வெப்பம். ஆகவே ஸ்டைரீன் தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். வினையைத் தடுக்கும் டிபிசி என்ற பொருளையும் அளவு குறையாமல் கலந்துவர வேண்டும். டிபிசி வேலை செய்யத் திரவத்தில் கரைந்த ஆக்ஸிஜனும் தேவை. மூன்றில் எது தவறினாலும் தொட்டி கொதிக்கத் தொடங்கும்.

2020 மே 7, அதிகாலை மூன்று மணி அளவில் விசாகப்பட்டினத்தில் அது நடந்தது. ஆர்.ஆர். வெங்கடாபுரம் கிராமத்தை ஒட்டியிருந்த எல்ஜி பாலிமர்ஸ் ஆலை பாலிஸ்டைரீனும் தெர்மாகோலுக்கான மணியும் செய்துவந்தது. கொரோனா ஊரடங்கால் வாரக்கணக்கில் உற்பத்தி நின்றிருக்க, ஒரு தொட்டியில் 1,800 டன்னுக்கு மேல் ஸ்டைரீன் அசையாமல் கிடந்தது. ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு பின்னர் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் மனத்தை அறுப்பவை: குளிரூட்டும் எந்திரத்தை இரவில் நிறுத்திவைத்திருந்தார்கள், வெப்பமானி தொட்டியின் அடியில் மட்டும் இருந்ததால் மேல்பகுதி சூடேறியது தெரியவில்லை, கையிருப்பில் டிபிசி இல்லை. ஸ்டைரீன் ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு ஊர்ந்து, உறங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குள் இறங்கியது. மூச்சு முட்டி எழுந்து ஓடியவர்கள் தெருவிலேயே மயங்கி விழுந்தார்கள். 12 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். கட்டிப்போட்டிருந்த மாடுகள் கட்டிய இடத்திலேயே செத்துக் கிடந்தன. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2018-லேயே ஸ்டைரீனை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2ஏ பிரிவுக்கு மாற்றியிருந்தது. தெர்மாகோலின் சுற்றுச்சூழல் கேடு என்றதும் நாம் குப்பைமேட்டையே நினைக்கிறோம். அந்தக் கணக்கு வெங்கடாபுரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

இனி குப்பைக்கு வருவோம். ஒரு பழைய இரும்புக் கடையின் முன் சிறிது நேரம் நின்றால் போதும், தெர்மாகோல் ஏன் மறுசுழற்சிக்குப் போவதில்லை என்பது விளங்கிவிடும். அங்கே எல்லாமே தராசுதான். செய்தித்தாள், பால் கவர், பிளாஸ்டிக் குடம், பித்தளைக் குழாய் எல்லாம் கிலோ விலை. குப்பை பொறுக்கும் ஒரு பெண் தலைச்சுமையாகச் சாக்கு நிறையத் தெர்மாகோல் கொண்டுவந்தாலும் தராசு முள் அசையாது. அதே சாக்கில் தண்ணீர் பாட்டில்கள் இருந்தால் அன்றைய சோற்றுக்கு ஆகும். அவர் எதைப் பொறுக்குவார்? கடைக்காரர் நிலையும் அதுவே. முப்பது கன மீட்டர் கொள்ளும் லாரியில் வாய்வரை தெர்மாகோல் அடைத்தாலும் ஏறும் எடை அரை டன்தான். டீசல் காசுக்கே கட்டாது. நம் ஊரில் மறுசுழற்சியை நடத்துவது சட்டமோ விழிப்புணர்வுப் பலகையோ அல்ல, இந்தத் தராசு. தராசில் ஏறாத பொருள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே விழுந்துவிடுகிறது.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. டோக்கியோ மீன் சந்தையில் தினமும் குவியும் வெள்ளைப் பெட்டிகளை அங்கேயே எந்திரத்தில் போட்டு நொறுக்கி, உருக்கி, காற்றைப் பிழிந்தெடுத்துக் கெட்டிப் பாளங்களாக்கி அனுப்புகிறார்கள். அந்தப் பாளம் போட்டோச் சட்டமாகவும் வேறு பிளாஸ்டிக் சாமானாகவும் மாறும். ஆரஞ்சுத் தோலிலிருந்து வரும் லிமோனீன் எண்ணெயில் தெர்மாகோல் கரைந்துவிடும் என்பதைப் பயன்படுத்தி ஜப்பானில் சோனி நிறுவனம் ஒரு முறையையே உருவாக்கியது. இவை பலித்ததற்குக் காரணம், பெட்டிகள் ஒரே இடத்தில், சுத்தமாக, தினமும் குவிந்ததுதான். ஊர் முழுக்கச் சிதறி, குழம்பு ஒட்டிக் கிடக்கும் தட்டுகளை இப்படித் திரட்ட முடியாது.

திரட்டப்படாத தெர்மாகோல் மழைநீர்க் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகும். கடலில் நேராகவே இறங்குவதும் உண்டு. தென்கொரியாவின் தெற்குக் கரையில், கோஜே தீவைச் சுற்றி, சிப்பி வளர்ப்பவர்கள் கயிறுகளைத் தாங்கிப் பிடிக்கப் பல்லாண்டுகளாகத் தெர்மாகோல் மிதவைகளைப் பயன்படுத்தினார்கள். வெயில் மிதவையின் மேற்பரப்பை மஞ்சளாக்கிப் பொடியாக்கியது. அலை உரசி உதிர்த்தது. உயிர்களும் சேர்ந்துகொண்டன. ஸ்ஃபெரோமா என்றொரு சிறிய ஓட்டுடலி இருக்கிறது. மரவட்டையைப் போல உருண்டுகொள்ளும். கடலோர மரக்கட்டைகளில் வளை தோண்டி வாழும். அமெரிக்க ஆய்வாளர் டிமோத்தி டேவிட்சன் படகுத்துறைகளின் அடியில் கட்டியிருந்த தெர்மாகோல் மிதவைகளை ஆராய்ந்து 2012-ல் எழுதினார்: இந்த உயிர்கள் தெர்மாகோலையும் குடைகின்றன. உணவுக்காக அல்ல, குடியிருக்க. ஒரே ஓர் உயிர் தன் ஒரு வளையைத் தோண்டும்போது கடலில் தள்ளும் பிளாஸ்டிக் துகள்கள் ஆயிரக்கணக்கில். ஒரு மிதவையில் இப்படி எத்தனையோ குடியிருப்புகள்.

கொரியக் கடற்கரை மணலைச் சலித்தவர்களுக்குக் கிடைத்த நுண்பிளாஸ்டிக்கில் மிகப் பெரும்பங்கு இந்த வெள்ளை மணிகளே. அதோடு முடியவில்லை. கட்டடங்களில் பதிக்கும் நுரைப் பலகை எளிதில் தீப்பிடிக்காமல் இருக்க ஹெச்பிசிடி என்ற புரோமின் சேர்மத்தைக் கலப்பார்கள். அது கொழுப்பில் சேரும், உணவுச்சங்கிலியில் ஏறும், எளிதில் சிதையாது. 2013-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இதை நீக்கவேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது. தீ அண்டவே வாய்ப்பில்லாத கடல் மிதவையிலும் அது இருப்பதைக் கொரிய ஆய்வாளர்கள் கண்டார்கள். தெர்மாகோலின் மேல் ஒட்டி வளர்ந்த மட்டிகளின் உடலில், வேறு பரப்புகளில் வளர்ந்த மட்டிகளைவிட அது கூடுதலாக இருந்தது. பிளாஸ்டிக் வெறும் சடப்பொருள், வயிற்றுக்குள் போனாலும் அப்படியே வெளியே வந்துவிடும் என்று சொல்பவர்கள் இந்த மட்டிகளைப் பார்க்க வேண்டும். கொரிய அரசு 2022 நவம்பரில் சிப்பிப் பண்ணைகளிலும் ஓராண்டுக்குப் பின் எல்லா வளர்ப்புப் பண்ணைகளிலும் புதிய தெர்மாகோல் மிதவைகளைத் தடைசெய்தது. நம் கரைகளிலும் மீன்பெட்டிகளின் உடைந்த துண்டுகள் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் அலை ஏறி இறங்கும் கோட்டில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கின்றன. மணலோடு அள்ளினால் விரலிடுக்கில் உதிரும். எவ்வளவு கவனமாகப் பொறுக்கினாலும் பாதி மணலுக்குள் போய்விடும்.

கொளுத்திவிடலாமே என்பார்கள். பாலிஸ்டைரீன் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பென்சீன் வளையம் தொங்குகிறது. திறந்தவெளித் தீயில் அந்த வளையங்கள் முழுமையாக எரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கரிப்புகையாகின்றன. தெர்மாகோல் எரியும்போது எழும் அந்தக் கன்னங்கரிய புகையில் ஸ்டைரீனும் பென்சீனும் பல்வளையச் சேர்மங்களும் இருக்கின்றன. பள்ளிக்கூட ஆண்டுவிழா முடிந்த மறுநாள் அலங்காரத் தெர்மாகோலைக் குவித்துப் பிள்ளைகளின் கண்முன்னே தீ வைக்கும் வழக்கம் இனியாவது நிற்க வேண்டும்.

புழு தின்றுவிடும் என்ற செய்தியும் அடிக்கடி வருகிறது. செய்தி பொய்யல்ல. பறவைத் தீனியாக விற்கும் மாவுப்புழுக்கள் தெர்மாகோலைத் தின்று, அதன் கார்பனில் ஏறத்தாழப் பாதியைக் கரியமில வாயுவாக்குகின்றன என்று பெய்ஜிங், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். வேலையைச் செய்வது புழுவின் குடலில் வாழும் பாக்டீரியா. ஆனால் நூறு புழுக்கள் ஒரு நாளில் தின்பது 34 முதல் 39 மில்லிகிராம். ஒரு கிலோ தெர்மாகோலைத் தின்ன அந்த நூறு புழுக்களுக்கு எழுபது ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த பாக்டீரியாவின் நொதியைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சி தொடரட்டும், அது மதிப்புள்ள வேலை. குப்பைக்குத் தீர்வு வந்துவிட்டது என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம். அதுபோலவே, தெர்மாகோல் ஒருபோதும் அழியாது என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. சூரிய ஒளி பாலிஸ்டைரீனைக் கரியமில வாயுவாகவும் நீரில் கரையும் கார்பனாகவும் உடைக்கிறது என்றும் அதற்குப் பத்தாண்டுகள் முதல் நூற்றாண்டுகள் வரை ஆகலாம் என்றும் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த காலின் வார்டு குழு 2019-ல் கண்டது. கேட்க ஆறுதலாக இருக்கலாம். ஆனால் மணலுக்கடியில் புதைந்ததற்கும் மீனின் வயிற்றுக்குள் போனதற்கும் வெயில் எட்டாது.

சட்டம் இங்கே ஓரளவு விழித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டும் கோப்பையும் தடை. இலங்கையில் ரெஜிஃபோம் என்று சொல்லும் தெர்மாகோல் சோற்றுப்பெட்டிகளுக்கு 2017 செப்டம்பரில் தடை வந்தது. அலங்காரத் தெர்மாகோலை இந்திய அரசு 2022 ஜூலையில் நிறுத்தியது. ஆனால் டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அண்டை கொடுத்து வரும் கட்டிகள் இந்தத் தடைகளுக்குள் வரவில்லை. அவற்றுக்குப் பதிலாக மடித்த அட்டையும் காகிதக்கூழ் அச்சும் இன்றைக்கே கிடைக்கின்றன. முட்டை வரும் தட்டு அந்தக் கூழ்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் குமிழியின் சுவரைப் பற்றி. இனி உள்ளே இருப்பதைப் பற்றி. அதில்தான் இன்னும் பெரிய கேடு ஒளிந்திருக்கிறது.

நுரைகளில் இன்னொரு பெரிய குடும்பம் பாலியூரித்தேன். ஃப்ரிட்ஜின் வெளித் தகட்டுக்கும் உள் பெட்டிக்கும் நடுவே மஞ்சளாக நிரம்பியிருப்பது இதுதான். இதை ஊத வைக்க நெடுங்காலம் பயன்பட்டது சிஎஃப்சி-11. ஏறத்தாழ 24 டிகிரியில் கொதிக்கும் திரவம். நுரை கெட்டிப்படும்போது எழும் சூட்டிலேயே ஆவியாகி ஒரே சீரான குமிழிகளை உண்டாக்கும். எரியாது, மணக்காது, வெப்பத்தைக் காற்றைவிடவும் குறைவாகவே கடத்தும். நுரை செய்பவர் இதைவிட வேறென்ன கேட்பார்? 1974-ல் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதிய கட்டுரை அதன் மறுபக்கத்தைக் காட்டியது. கீழே எதனோடும் வினைபுரியாத அந்த நல்ல குணத்தாலேயே சிஎஃப்சி அழியாமல் வானத்தின் மேலடுக்குவரை ஏறுகிறது. அங்கே புற ஊதாக் கதிர் அதை உடைக்க, விடுபட்ட குளோரின் ஓசோனை வரிசையாகத் தின்கிறது. 1985-ல் அன்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் பள்ளம் தெரிந்தது. 1987 செப்டம்பர் 16-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2010-க்குள் உலகெங்கும் சிஎஃப்சி உற்பத்தி நிற்க வேண்டும் என்றானது. இந்தியா 2008 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டது.

காற்றில் சிஎஃப்சி-11 ஆண்டுதோறும் குறைந்துவந்தது. ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவு உட்படப் பல இடங்களில் காற்றைக் குடுவைகளில் பிடித்து அளக்கும் அமெரிக்க விஞ்ஞானிகள், 2012-க்குப் பிறகு அந்த இறக்கம் தளர்வதைக் கண்டார்கள். லட்சம் கோடி மூலக்கூறில் இருநூற்றுச் சொச்சமே இருக்கும் ஒரு வாயு, குறைய வேண்டிய வேகத்தில் பாதி வேகத்தில் குறைந்தது. வட அரைக்கோளத்திலும் தென் அரைக்கோளத்திலும் உள்ள அளவுகளின் வித்தியாசமும் கூடியது. வடக்கில் எங்கிருந்தோ புதிதாக வருகிறது என்று பொருள். ஸ்டீபன் மொண்ட்ஸ்கா தலைமையில் அவர்கள் 2018-ல் கணக்கை வெளியிட்டார்கள்: ஆண்டுக்குச் சுமார் 13,000 டன், யாரும் ஒப்புக்கொள்ளாத சிஎஃப்சி-11. யாரோ எங்கோ மறுபடி தயாரிக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு இடம் தெரிந்தது. கொரியாவின் ஜேஜு தீவில் கோசான் என்ற இடத்திலும் ஜப்பானில் மக்கள் வாழும் தீவுகளில் தென்கோடியான ஹதெருமாவிலும் காற்றை இடைவிடாமல் அளக்கும் நிலையங்கள் உண்டு. சிஎஃப்சி-11 திடீரென உயரும் நேரங்களில் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டபோது, கோடுகள் சீனாவின் கிழக்கு மாநிலங்களான ஷான்டோங், ஹெபெய் நோக்கிச் சென்றன. கூடுதலாக வந்ததில் கிட்டத்தட்டப் பாதி அங்கிருந்துதான். சூழல் புலனாய்வு முகமை என்ற தன்னார்வ அமைப்பு நேரில் விசாரித்ததில், நுரை செய்யும் பல ஆலைகள் தடைசெய்த வாயுவைத் தெரிந்தே பயன்படுத்தியது வெளிப்பட்டது. காரணம் மிகச் சாதாரணமானது: மாற்றுப் பொருளைவிட அது மலிவு, நுரையும் நன்றாக வரும். சீன அரசு நடவடிக்கை எடுத்தது. 2019-க்குள் வெளியேற்றம் சரிந்துவிட்டதை அதே நிலையங்கள் 2021-ல் உறுதிசெய்தன. எனக்குத் தெரிந்த சுற்றுச்சூழல் வரலாற்றில் இவ்வளவு நம்பிக்கை தரும் கதை வேறில்லை. ஒரு தீவில் பொறுமையாகக் காற்றை அளந்துகொண்டிருந்தவர்களால், ஒரு கடல் தாண்டி நடந்த திருட்டு பிடிபட்டது.

ஆனால் ஏற்கெனவே செய்த நுரை என்ன ஆனது? அது நம் வீடுகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் சுவர்களுக்குள்ளும் இருக்கிறது. மூடிய குமிழிக்குள் சிஎஃப்சி-11 பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடக்கும். தொண்ணூறுகளில் வாங்கிய ஒரு ஃப்ரிட்ஜின் நுரையில் 300 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், சிஎஃப்சி-11 கரியமில வாயுவைப் போல் 4,700 மடங்கு புவியைச் சூடாக்குவது என்பதால், அது 1.4 டன் கரியமில வாயுவுக்குச் சமம். சிஎஃப்சிக்கு அடுத்து வந்த ஹெச்சிஎஃப்சி-141பி ஓசோனைக் குறைவாகக் கெடுத்தாலும் கெடுக்காமல் இல்லை. அதன் பயன்பாட்டையும் இந்தியா 2020 ஜனவரி 1-ல் முடித்துக்கொண்டது. இன்று நுரை ஊதச் சைக்ளோபென்டேன் வந்துவிட்டது. 2019 வரை ஊதிய நுரையைச் சுமக்கும் ஃப்ரிட்ஜ்களோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பழைய ஃப்ரிட்ஜைப் பிரிக்கும் இடத்தில் நடப்பது இதுதான். கம்ப்ரஸரை வெட்டியெடுப்பார்கள், செம்புக் குழாயை உருவுவார்கள், தகட்டைக் கடப்பாரையால் நெம்பினால் மஞ்சள் நுரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். உடையும் ஒவ்வொரு துண்டிலும் ஆயிரமாயிரம் குமிழிகள் திறக்கின்றன. மணமில்லை, நிறமில்லை, வெட்டுகிற தொழிலாளிக்கு எதுவும் போவதாகத் தெரியாது. வாங்க ஆளில்லாத நுரை காலி மனையில் குவியும், பிறகு எரியும். ஐரோப்பாவில் ஃப்ரிட்ஜை முழுதாக மூடிய அறைக்குள் அரைத்து, நுரையிலிருந்து கசியும் வாயுவை உறிஞ்சிக் குளிர்வித்துத் திரவமாக்கி, அதிவெப்ப உலையில் அழிக்கிறார்கள்.

அந்த ஏற்பாடு இங்கே ஏன் பரவவில்லை என்பதற்கு நம் விதிகளிலேயே விடை இருக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் ஃப்ரிட்ஜை விற்ற நிறுவனமே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்கின்றன. நல்ல விதி. ஆனால் மறுசுழற்சி செய்பவருக்குத் தரும் சான்றிதழ் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற நான்கு உலோகங்களின் எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. இங்கேயும் தராசுதான் தீர்மானிக்கிறது. குமிழிக்குள் இருப்பது அதில் ஏறவில்லை. மீட்டு அழித்த நுரை வாயுவையும் கிராம் கணக்கில் அளந்து, அதற்கும் சான்றிதழ் தந்து, ஃப்ரிட்ஜ் விற்ற நிறுவனங்களை அதை வாங்க வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் மூடிய அறையில் அரைக்கும் எந்திரத்துக்குப் பணம் போட ஆட்கள் வருவார்கள். கடப்பாரையால் நெம்புகிறவரும் நுரையை உடைக்காமல் பாளமாகவே கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குவார்.